கணினியும் கழுத்தும்: எமது மாணவர்க்கு ஒரு பாடம்



வெள்ளிக்கிழமைப் பூசையில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. தேவாரம் ஓதும்போது எழுபது வயது அம்மம்மா சம்மணமிட்டு நேராக இருப்பார். பக்கத்தில் இருபது வயதுப் பேரன் பத்து நிமிடத்துக்குள் முதுகைத் தடவி, கழுத்தைத் திருப்பி, சுவரில் சாய்ந்துவிடுவான். "பஞ்சி பிடித்த பிள்ளை" என்று நாம் ஏசிவிடுகிறோம். அது பஞ்சியல்ல, நோவாக இருக்கலாம். இம்முறை அதைப் பற்றிச் சற்றுப் படிப்போம்.

அஜக்ஸில் வாழும் எமது பிள்ளைகள் பலர் ஒஷாவாவுக்கும் ஸ்காபரோவுக்கும் படிக்கப் போய் வருகிறார்கள். ஒஷாவாவில் 2003இல் முதல் மாணவர்களைச் சேர்த்து, இன்று ஒன்ராறியோ ரெக் என்று பெயர் பெற்றுள்ள பல்கலைக்கழகம், ஒவ்வொரு மாணவரும் மடிக்கணினியுடன் படிக்கவேண்டும் என்ற ஏற்பாட்டோடு தொடங்கியது. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாக வகுப்புகளும் வீட்டுக்கே வந்தன. படிப்பு, நட்பு, பொழுதுபோக்கு, ஊரிலுள்ள உறவுகளுடன் பேச்சு எல்லாம் ஒரே திரையில் வந்து சேர்ந்துவிட்டன. ஆகையால் "அதை மூடி வை" என்று சொல்வது மட்டும் மருந்தாகாது.

பழைய நோய், புதிய கருவி

1700இல் இத்தாலிய வைத்தியர் பேர்னார்டினோ ரமாசினி தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் நோவுக்கு மூன்று காரணங்கள் கூறினார்: இடைவிடாது இருத்தல், கையை ஒரே விதமாக அசைத்தல், பிழை வராதிருக்க மனம் படும் இறுக்கம். பரீட்சைக் காலத்து மாணவருக்கு இம்மூன்றும் உண்டு.

எமது தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. தலையைக் குனியக் குனியக் கழுத்தெலும்பு தாங்கும் சுமை கூடுகிறது. நியூயோர்க் முதுகெலும்புச் சத்திரசிகிச்சை வைத்தியர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, 15 பாகை குனிந்தால் அது 12 கிலோ. 60 பாகை குனிந்தால் 27 கிலோ. அதாவது, எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கழுத்தில் ஏற்றி வைத்தது போல. இது கணக்கிட்டுப் பெற்ற எண்ணே. ஒவ்வொருவர் உடலும் வேறுபடும்.

மாணவரிடையே நடந்த பல ஆய்வுகளில் அதிக இணையப் பாவனையும் கழுத்து, முதுகு நோவும் சேர்ந்தே காணப்பட்டன. ஆனால் எது முன், எது பின் என்பது எப்போதும் தெளிவல்ல. நோவாலும் தனிமையாலும் திரையைத் தேடும் பிள்ளையும் உண்டு.

இடைவேளை மணியை யார் அடிப்பது?

எமது பெற்றோரில் பலர் தொழிற்சாலை வரிசையில் நின்று மணிக்கட்டு நோவை அறிந்தவர்கள். அங்கே, ஒன்ராறியோ சட்டப்படி, 5 மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேர உணவு இடைவேளை கொடுக்கவேண்டும். நிலவறையில் தனியே படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு மணி இல்லை. அதை வீட்டார்தான் அடிக்கவேண்டும். ஒரு கோப்பை தேநீரோடு கதவைத் தட்டினாலே போதும்.

செய்யக்கூடியவை

1. மடிக்கணினியைக் கட்டிலில் வைத்துப் பாவிக்கவேண்டாம். மேசையில் நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் வைத்தால் திரை கண் மட்டத்துக்கு வரும். தட்டச்சுப் பலகையைத் தனியே இணைத்துக்கொள்ளலாம்.

2. பாதம் நிலத்தில் படிந்திருக்கட்டும். முதுகு கதிரையில் சாய்ந்திருக்கட்டும்.

3. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 விநாடி பார்த்தால் கண்ணுக்கு ஆறுதல்.

4. வளர்ந்தோருக்காகக் கனடா 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், பொழுதுபோக்குத் திரை நேரம் நாளுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் இருக்கவும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யவும், 7 முதல் 9 மணித்தியாலம் உறங்கவும் சொல்கிறது.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால், இரவில் நோவு எழுப்பினால், கையில் பிடித்த பொருள் நழுவினால் தைலம் பூசிக் காத்திருக்கவேண்டாம். குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். படிப்பையும் உறக்கத்தையும் விட்டுத் திரையை விட முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கும் உதவி உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இலேயே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் கணினி விளையாட்டுக் கட்டுப்பாட்டிழப்பை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளை நோவை மறைப்பதற்குப் பெரும்பாலும் காரணம், "எல்லாம் அந்தப் ஃபோனால் வந்தது" என்ற ஏச்சுக்குப் பயந்துதான். முதலில் நோவைக் கேட்போம். புத்திமதியைப் பிறகு சொல்வோம்.

வீட்டில் கூடிப் பேச மூன்று கேள்விகள்

1. எமது பிள்ளை எங்கே, எப்படி இருந்து படிக்கிறது என்று கடைசியாக எப்போது பார்த்தோம்?

2. சாப்பாட்டு மேசையில் கைத்தொலைபேசியை முதலில் எடுப்பது பிள்ளையா, நாமா?

3. அடுத்த வெள்ளிக்கிழமை ஆலய வீதியை மூன்றுமுறை ஒன்றாக வலம் வருவோமா?