வெட்கத்தைத் தரையிலேயே விட்டுவிடு

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உனக்குத் தனியார் விமானி உரிமம் கிடைத்துவிட்டது என்று சொல்லும்போதே உன் அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. தண்ணீர்மலை முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வாழ்த்தை நேரில் சொல்கிறேன். சின்ன விமானங்களின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியே முப்பது வருடத்தை ஓட்டியவன் என்ற உரிமையில் ஒரு விஷயம் மட்டும் இப்போதே சொல்லியாக வேண்டும்.

எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பராமரித்தாலும் எஞ்சின் ஒருநாள் நிற்கலாம். நின்றதாலேயே உயிர் போய்விடாது. நீ ஓட்டும் செஸ்னா 172, 65 நாட் வேகத்தை விடாமல் பிடித்தால், ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோமீட்டர் சறுக்கிப் போகும். அந்த நேரத்தில் நீ எடுக்கும் முடிவுதான் உன்னைக் காப்பாற்றும். அந்த முடிவைக் கெடுப்பது பயம் என்பார்கள். பயத்தைவிட வெட்கம் பொல்லாதது என்பேன் நான்.

ஈப்போவில் புறப்படுகிறாய் என்று வை. ஊருக்கு நடுவே நிலையம். சுற்றிலும் வீடுகள், சுண்ணாம்புக் குன்றுகள். 400 அடியில் எஞ்சின் நிற்கிறது. மூக்கு மேலே பார்த்திருப்பதால் சில நொடிகளில் வேகம் வடிந்துவிடும். உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். ஆனால் மனம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஓடுபாதையையே தேடும். அங்கே திரும்பிவிட்டால் விமானத்துக்கு ஒரு கீறல்கூட விழாது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆசை காட்டும். அரை வட்டம் போட்டால் ஓடுபாதைக்கு இணையாகத்தான் வருவாய். அதன் நேர்கோட்டைப் பிடிக்க இன்னும் திரும்ப வேண்டும். 45 பாகை சாய்த்துத் திரும்பினால், 50 நாட்டில் தாங்கும் இறக்கை 60 நாட்டிலேயே கைவிட்டுவிடும். தரை நெருங்குவதைக் கண்டு கை தானாக மூக்கைத் தூக்கும். ஒரு பக்க இறக்கை விழும். அதை நிமிர்த்த அங்கே உயரம் இருக்காது.

அதனால் நேராகப் போ. இடமோ வலமோ கொஞ்சம் விலகி, வெட்டவெளியோ திடலோ தண்ணீரோ, கிடைத்ததில் மெதுவாக இறங்கு. வயலில் இறங்கிய ஒரு விமானத்தின் வளைந்த புரொப்பெல்லரை இந்தக் கையால் கழற்றியிருக்கிறேன். விமானி பக்கத்தில் நின்று, "உங்களுக்குப் பெரிய வேலை வைத்துவிட்டேன்" என்று தலைகுனிந்து சொன்னார். அவர் சட்டையில் சேறு காயவில்லை. புரொப்பெல்லருக்கு மாற்று கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது என்றேன்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி ஒரு பயணிகள் விமானத்தின் இரண்டு எஞ்சினும் செயலிழந்தபோது, கேப்டன் சல்லன்பெர்கருக்கு டெட்டர்பரோ என்ற சின்ன விமான நிலையத்தைக் காட்டினார்கள். எட்டாது என்று மறுத்து ஹட்சன் ஆற்றில் இறக்கினார். விமானம் போனது, 155 பேரும் பிழைத்தார்கள்.

நம் நாட்டிலேயே நடந்த வேறொன்றையும் கேள். 1995 செப்டம்பர் 15, சபாவின் தாவாவ். மாஸ் எனும் மலேசிய விமான நிறுவனத்தின் ஃபோக்கர் 50 ஓடுபாதையில் வெகுதூரம் கடந்த பிறகுதான் தரையைத் தொட்டது. மிச்சம் போதாத நிலையிலும் இறங்கியே தீர்வதென்று நின்றதால், எல்லையைத் தாண்டிக் குடியிருப்புக்குள் பாய்ந்தது. 53 பேரில் 34 பேர் இறந்தார்கள். தாவாவின் அந்தப் பழைய ஓடுபாதை குட்டையானது. நம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் 3,352 மீட்டர் ஓடுபாதையில் பழகிய கண்ணுக்குச் சின்ன நிலையங்கள் மன்னிப்புத் தராது. குறித்த இடத்தில் சக்கரம் தொடாதென்று தெரிந்தால் தயங்காமல் மேலே ஏறி இன்னொரு சுற்று வா. பத்து முறை சுற்றினாலும் அவமானம் இல்லை. தியோமான்போல மலை மறிக்கும் இடங்களில் மட்டும், எதுவரை வந்தபின் திரும்ப முடியாது என்பதை முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்.

உதவி கேட்கவும் கூச்சப்படாதே. 1990 ஜனவரி 25 அன்று அவியான்கா 52 என்ற பயணிகள் விமானம் நியூயார்க் வானில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தது. எரிபொருள் தீர்வதாகவும் முன்னுரிமை வேண்டும் என்றும் சொன்னவர்கள், 'அவசரநிலை' என்ற சொல்லைக் கடைசிவரை சொல்லவில்லை. டாங்கி வறண்டு விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள். மென்று விழுங்காதே. மூன்று முறை "மேடே" சொல், டிரான்ஸ்பாண்டரில் 7700 போடு. வீண் அலைச்சல் ஆகிவிட்டால் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் வேகம், அடுத்து இறங்கும் இடம். உயரம் மிச்சமிருந்தால் எரிபொருள் வால்வு, கலவை, கார்புரேட்டர் சூடு ஆகியவற்றைப் பார். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெயில் நாளிலும் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். அதன் பிறகுதான் ரேடியோ.

இவ்வளவையும் அந்த நொடியில் யோசிக்க யாராலும் முடியாது. தரையிலேயே முடிவெடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓடுபாதைக்குள் நுழையுமுன் நிறுத்தி, தனியாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்: "ஓடும்போது கோளாறு என்றால் நிறுத்துவேன். ஏறியதும் எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி நேராக இறங்குவேன். திரும்பமாட்டேன்." எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதை உன் பயிற்றுநரோடு பறந்து பார்த்து, அந்த எண்ணையும் சேர்த்துக்கொள்.

என்னையும் ஒருநாள் ஏற்றிக்கொண்டு போவாய் அல்லவா? அன்று மாமாவுக்குக் கொடிமலையைக் காட்டுவதற்கு முன்னால் இதைச் சொல். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என் காதால் கேட்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் தாய்மாமா