சர்க்கரை நோயும் லேசர் சிகிச்சையும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர். எனக்கும் இருபது ஆண்டுகளாக உண்டு. இரு கண்களிலும் லேசர் சிகிச்சை பெற்றிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எளிமையாகத் தருகிறேன்.

கண்ணை ஒரு காமிராவாகக் கொண்டால், அதன் பிலிம்தான் விழித்திரை. சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. சில கசிகின்றன; சில அடைபடுகின்றன. அடைபட்ட பகுதி பிராணவாயு இன்றித் தவிக்கும்போது, புதுக் குழாய்களை வளர்க்கத் தூண்டும் பொருள் ஒன்று அங்கே சுரக்கிறது. அவ்வாறு வளரும் குழாய்கள் பலவீனமானவை. அவை வெடித்தால் கண்ணுக்குள் இரத்தம் கசியும். விழித்திரை பிய்ந்து பார்வையே போகலாம்.

லேசர் என்ன செய்கிறது? விழித்திரையின் ஓரப் பகுதிகளில், அரை மில்லிமீட்டர் அளவுள்ள சுமார் 1200 முதல் 1600 புள்ளிகளை ஒளியால் சுடுகிறார்கள். நல்ல கண்ணை ஏன் சுட வேண்டும் என்று கேட்கலாம். மின்சாரம் குறைந்தால் யார்டு விளக்குகளை அணைத்துவிட்டு சிக்னலுக்கு மின்சாரம் தருவது போன்றதே இது. ஓரத்தின் பிராணவாயுத் தேவை குறைய, நடுப்பகுதிக்குப் போதுமானது கிடைக்கிறது. தூண்டும் பொருளும் குறைந்து புதுக் குழாய்கள் வாடுகின்றன. இதற்கு விலையும் உண்டு: இருட்டிலும் பக்கவாட்டிலும் பார்வை சற்றுக் குறையலாம்.

1970களில் அமெரிக்காவில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதை ஆராய்ந்தார்கள். கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைவது 1976-இல் தெரியவந்தது.

வலிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, கண்மேல் ஒரு லென்ஸ் வைக்கிறார்கள். பளிச் பளிச்சென்று ஒளி தெரியும். சில புள்ளிகளில் சுருக்கென்றது. எனக்குப் பல அமர்வுகளாகச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அன்றே வீடு திரும்பினேன்.

ஒன்றை மறக்கக் கூடாது: இருக்கும் பார்வையைக் காப்பதே லேசரின் வேலை, போன பார்வையைத் திருப்பித் தருவதன்று. விழித்திரையின் நடுவில் நீர் கோத்துப் பார்வை மங்கினால், இன்று பெரும்பாலும் கண்ணுக்குள் ஊசி மருந்தே முதலில் தருகிறார்கள். புதுக் குழாய்களுக்கும் ஊசி உண்டு. ஆனால் தவறாமல் திரும்பத் திரும்பப் போக வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் ஆபத்து. அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகத்தில் இருப்போர் இதை டாக்டரிடம் முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

தண்டவாளத்தின் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ரயில்வேயில் அல்ட்ராசானிக் கருவியால் குறித்த காலத்தில் சோதிக்கிறோம். விழித்திரையும் அப்படியே. நன்றாகத் தெரியும் கண்ணிலும் நோய் முற்றியிருக்கக் கூடும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இந்தச் சோதனை ஆகாது. சொட்டு மருந்தால் கண் பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். நடுவயதில் வரும் வகையானால் நோய் தெரிந்த உடனே ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. "கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மதுரையிலோ சென்னையிலோ காட்டிக்கொள்ளலாம், நம் பாஷையில் பேசலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். அங்கே சிறந்த கண் மருத்துவமனைகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் புதுக் குழாய் விடுமுறைக்காகக் காத்திராது. இருக்கும் ஊரிலேயே காட்டுங்கள். பாஷை தடையானால், நன்கு ஹிந்தி பேசும் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.