மழைக்கு முன் படுதாவைச் சரி பார்ப்போம்



உத்திரமேரூர் வட்டாரத்தில் சொர்ணவாரி அறுவடை நேரத்தில் சாயங்கால மழை திடீரென்று வந்துவிடும். களத்தில் காயும் நெல்லைக் காப்பது படுதாதான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்கமாட்டார்கள் என்பது பொதுவான விதி. சில வருஷம் அரசு தளர்வு கொடுத்திருக்கிறது. அதை நம்பி இருக்க முடியுமா? ஒரு இரவு ஒழுகினால் நெல் சூடேறி முளை விட்டுவிடும். நஷ்டம் நம்முடையதுதான்.

பல குழுக்களிடம் பழைய கித்தான் படுதா இருக்கிறது. ஒழுகுகிறது என்று மூலையில் போட்டுவிடுகிறோம். கித்தான் நல்லா இருந்தால் அதைத் திரும்பப் பயன்படுத்தலாம். முதலில் சோதனை செய்யுங்கள். இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். கிழிந்தால் நூல் மக்கிப்போச்சு, செலவு வேண்டாம். கிழியாவிட்டால் மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். முத்து முத்தாக ஓடாமல் ஊறினால், மேல்பூச்சுதான் போயிருக்கிறது.

படிகாரமும் சோப்பும் போதும். 9க்கு 9 அடி படுதாவுக்குச் செய்முறை:

1. படுதாவை வெயிலில் காயவைத்து, பூஞ்சையைப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், நூல் இற்றுவிடும். கிழிசலைத் தைத்துவிடுங்கள்.

2. அரை கிலோ சலவை சோப்பைச் சீவி 8 லிட்டர் சூடான தண்ணீரில் கரையுங்கள். உறையில் டிடர்ஜென்ட் என்று போட்டிருந்தால் அது ஆகாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்துவிடும், மழைத் தண்ணீர் நல்லது.

3. படுதாவை அதில் நன்றாக ஊறவிட்டு, அலசாமல் கொடியில் போட்டுக் காயவையுங்கள்.

4. கால் கிலோ படிகாரத்தை வேறு 8 லிட்டர் சூடான தண்ணீரில் கரைத்து, காய்ந்த படுதாவை 2 மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு அலசாமல், பிழியாமல் காயவையுங்கள்.

5. தையல் வரிசையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மேலே பழைய செய்தித்தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? சோப்பில் இருக்கும் கொழுப்பும் படிகாரத்தில் இருக்கும் அலுமினியமும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத மெழுகு மாதிரிப் பொருள் ஆகிறது. அது நூலிலேயே படிந்துவிடுகிறது. அதனால் பிறகு சோப்பு போட்டுத் துவைக்கக் கூடாது. தேய்ந்தால் மறுபடி செய்ய வேண்டும். மழையைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. எனவே சரிவாகக் கட்டுங்கள். மழையில் உள்பக்கம் கையால் தொடாதீர்கள், தொட்ட இடத்தில் ஒழுகும்.

நீலம், கறுப்பு பிளாஸ்டிக் படுதாவுக்கு இந்த முறை உதவாது. பிளாஸ்டிக் நூல் தண்ணீரை உறிஞ்சாது. வெயிலில் கிடந்து இற்றுப்போனதை மீட்க முடியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை பார்த்து, இரண்டு பக்கமும் அகல டேப் ஒட்டலாம். பொடிப்பொடியாக உதிர்ந்தால், நெல்லோடு கலந்துவிடும், களத்தில் விரிக்காதீர்கள்.

மழை விட்டதும் படுதாவைத் திறந்து நெல்லுக்குக் காற்றுப் படவிடுங்கள். மூடியே வைத்தால் வியர்த்துப் பூஞ்சை வரும். படுதாவை நன்கு காய்ந்த பிறகே மடித்து, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

நம்ம ஊர்க் கல்வெட்டுகளில், 919, 921ஆம் ஆண்டுகளிலேயே ஏரி வாரியம் பற்றி எழுதியிருக்கிறது. பொதுச் சொத்தைப் பராமரிக்க ஆள் வைப்பது நம்ம மண்ணுக்குப் பழக்கமான வேலை. அடுத்த கூட்டத்தில் குழுவின் படுதாக்களை விரித்துப் பாருங்கள். யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். சோப்பும் படிகாரமும் வாங்க ஆகும் காசு, ஒரு மூட்டை நெல்லின் விலைக்கு முன்னே ஒன்றுமே இல்லை.