நெடும்பேச்சும் நின்றுபோன சட்டமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செனெட் சபையில், ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்கு வரவொட்டாமல் தடுக்கும் உபாயத்திற்குப் பிலிபஸ்டர் என்று பெயர். டச்சு மொழியில் கொள்ளைக்காரனைக் குறித்த சொல்லொன்று ஸ்பானிய மொழியின் வழியாகத் திரிந்து இவ்வுருவம் பெற்றது. கலத்தை மறித்துப் பறிப்போன் பெயர் சபையை மறித்து நிற்போனுக்கும் ஆயிற்று. நெடுமொழி என்னும் அழகிய சொல் நம்மிடம் உண்டெனினும், புறத்திணையில் அது வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைத்தலைக் குறிக்குமாதலின், ஈண்டு நெடும்பேச்சு என்றே வழங்குவாம்.

இவ்வழக்கம் அந்நாட்டு அரசியலமைப்பில் எழுதப்பட்டதன்று. 1806-ஆம் ஆண்டில் விதிகளைத் திருத்தியபோது, விவாதத்தை நிறுத்தி வாக்கெடுக்க இடந்தரக்கூடிய ஒரு விதியைத் தேவையற்றதெனச் சபையார் விட்டுவிட்டனர். அதன்பின், பேச எழுந்த அங்கத்தினரை அமர்த்துதற்கு வழியில்லாது போயிற்று. 1917-இல், மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் விவாதத்தை முடிக்கலாம் என்றனர். 1975-இல் அது நூற்றுவருள் அறுபதின்மர் என்றாயிற்று.

இவ்வுபாயத்தைப் பற்றி நகைப்புக்கிடமான செய்திகள் பல உள. 1935-இல் லூயிஸியானா நாட்டு ஹியூயி லாங் என்பார் பதினைந்தரை மணி நேரம் நின்று பேசினார். பேசுபொருள் தீர்ந்தபின் சிப்பி பொரிக்கும் பாகமுறையையும் சபைக்கு எடுத்துரைத்தார். இத்தகைய கதைகளோடு நின்றுவிடின் இதன் கொடுமை விளங்காது.

நீதிமன்ற விசாரணையின்றிக் கும்பலாகக் கூடி மனிதரைக் கொல்லும் வழக்கம் அந்நாட்டின் தென்பகுதியில் நெடுங்காலம் இருந்தது. மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். உள்ளூர் நீதிபதிகளும் ஜூரிமாரும் கொலைஞரைத் தண்டித்தல் அரிது. ஆகவே இதனை மத்திய அரசாங்கமே தண்டிக்கவேண்டுமென்று லியோனிடஸ் டையர் கொண்டுவந்த மசோதா, 1922 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனெட்டிலோ, தென்னாட்டு அங்கத்தினர் சபையின் அலுவல் அனைத்தையும் முடக்கவே, மசோதாவைக் கொணர்ந்த கட்சியாரே அதனைக் கைவிட்டனர். 1937-இல் அத்தகைய மசோதா மறுபடியும் கீழ்ச்சபையில் வென்றது. 1938-இன் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆறு வாரம் பேசியே செனெட்டில் அதனை வீழ்த்தினர். 1955-இல் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் மிஸிஸிபியில் கொல்லப்பட்டான். அவன் பெயரால் அமைந்த சட்டம் 2022 மார்ச்சு மாதத்திலேயே கையொப்பம் பெற்றது. டையரின் மசோதாவிலிருந்து எண்ணினால் இடையே கழிந்தவை நூறு ஆண்டுகள். அதற்கு முன்னர், 2005-இல், செனெட் சபையே தன் தவறுக்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் இயற்றியிருந்தது.

சிறுபான்மையோர்க்கு இது கேடயம் என்பாருமுளர். பெரும்பான்மையின் அவசரத்தைத் தடுக்க ஒரு கருவி வேண்டும் என்பதை யானும் மறுக்கவில்லை. ஆயின், மேற்கூறிய வரலாற்றில் அக்கேடயம் காத்தது எந்தச் சிறுபான்மையை? சபைக்குள்ளே சிறு தொகையினராயிருந்தோர் தத்தம் ஊர்களில் அதிகாரம் முழுவதையும் தம் கையில் வைத்திருந்தனர். உண்மையான சிறுபான்மையோர்க்குத் தென்னாட்டில் வாக்குரிமையே அரிதாயிருந்தது. வாய்தா வாங்கியே எதிரியைச் சோர்வுறச் செய்யும் வழக்காளியை நாம் அறிவோம். அவனை எளியோனென்று இரங்குவாரில்லை.

முற்காலத்தில் இத்தடைக்கு ஒரு விலையேனும் இருந்தது. பேசுவோன் கால்கடுக்க நிற்கவேண்டும். நாடு முழுவதும் அவனைக் காணும். மேலும், கட்சிகள் இக்காலம்போல் இறுகியிருக்கவில்லை. 1964-இல் குடியுரிமைச் சட்டத்தைத் தடுத்த நெடும்பேச்சை முறியடித்த 71 வாக்குகளில் 44 ஜனநாயகக் கட்சியாருடையவை, 27 குடியரசுக் கட்சியாருடையவை. 1970-களின் தொடக்கத்தில், தடைப்பட்ட மசோதாவை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிற அலுவல்களைக் கவனிக்கும் ஏற்பாடு வந்தது. சபையின் வேலை முடங்காமலிருக்கவே இதனைச் செய்தனர். விளைந்ததோ வேறு: தடுப்போன் வாய் திறக்கவே தேவையில்லாது போயிற்று. 1917 முதல் 1970 வரை விவாதத்தை முடிக்கக் கோரிய மனுக்கள் அறுபதுக்கும் குறைவு. 2021, 2022 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் முந்நூற்றுக்கும் மேல். அவற்றுட் பல உத்தியோக நியமனங்களைப் பற்றியன. நியமனங்களுக்கு அறுபது வேண்டா, பெரும்பான்மையே போதும் என்று ஒரு கட்சி 2013-இலும், உச்ச நீதிமன்ற நீதிபதிகட்கும் அதுவே என்று மறுகட்சி 2017-இலும் விதியை வளைத்துக்கொண்டன.

2025-ஆம் ஆண்டில் நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குக. ஏப்ரல் முதல் நாளில் கோரி புக்கர் என்பார் 25 மணி 5 நிமிடம் இடைவிடாது பேசி, அச்சபையின் வரலாற்றிலேயே நெடிய பேச்சை முடித்தார். அப்பேச்சு எந்த மசோதாவையும் தடுக்க எழுந்ததன்று. அக்டோபர் முதல் நாள் தொடங்கி 43 நாள் அரசாங்கச் செலவுக்கு அனுமதியின்றி அலுவலகங்கள் மூடிக்கிடந்தன; ஊழியர் பல இலட்சம் பேர் சம்பளமின்றியிருந்தனர். கீழ்ச்சபை அனுப்பிய செலவு மசோதா செனெட்டில் பன்முறை அறுபது வாக்குக்குக் குறைந்து நின்றது. நவம்பரில் அறுபதாவது வாக்குக் கிடைக்கும்வரை, அதனைத் தடுத்துவைக்க எவரும் இரவு முழுதும் நின்று பேசவேண்டியிருக்கவில்லை.