நஞ்சும் அரண், காடும் அரண்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துரைத்த மலர்களுள் முதலிடம் பெறுவது செங்காந்தள். அம்மலர்க்கொடியையும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிற மலை அணிலையும் தற்காப்பு என்னும் ஒரு நோக்கில் ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இவற்றின் ஒற்றுமையைக் காண்போம். இரண்டும் பிறவற்றைப் பற்றி வாழ்பவை. காந்தள் தன் இலை நுனிகளையே பற்றுக்கம்பிகளாக்கிப் புதர்களின்மேல் ஏறுகிறது. மலை அணிலோ கிளைவிட்டுக் கிளை தாவி மரவுச்சியிலேயே இரைதேடுகிறது. சுள்ளிகளாலும் இலைகளாலும் அங்கேயே கூடமைக்கிறது. நிலத்தில் இறங்குவது அரிது.

வேற்றுமை தற்காப்பில் உள்ளது. காந்தளுக்கு அரண் அதன் உடலிலேயே அமைந்துள்ளது. கோல்ச்சிசின் என்னும் நஞ்சு அதன் எல்லா உறுப்புகளிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும் மிகுந்துள்ளது. அது உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுப்பது. உண்ணத்தக்க கிழங்கென மயங்கி இதனை உண்டு மாண்டோரும் உளர். எனினும் அளவறிந்து ஆளும் மருத்துவர் கையில் அந்நஞ்சே கீல்வாத நோய்க்கு மருந்தாகிறது. இதன்பொருட்டுக் காட்டுக் கிழங்குகள் பெரிதும் அகழப்பட்டன. ஆயினும் இக்கொடி தோட்டப்பயிராகவும் வளரும்; மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் உழவர் இதனைக் 'கண்வலிக்கிழங்கு' என்னும் பெயரில் பயிரிட்டு விதை எடுக்கின்றனர்.

மலை அணிலுக்கு நஞ்சில்லை. அச்சம் நேரின் கிளையோடு கிளையாய் ஒட்டிக் கிடக்கும். அன்றேல் அடுத்த மரத்திற்குத் தாவும். அடுத்த மரம் வெட்டுண்டால் தாவ வழியேது? கிளைகள் இடையறாது பின்னிய காடே அதன் அரண். அக்காட்டைப் பெயர்த்துத் தோட்டத்தில் நட இயலாது. இதனை உணர்ந்தே 1988ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூரில் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவ்வணிலின் பெயராலேயே சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021இல் அது திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று.

இவ்வொப்பீட்டால் நாம் பெறும் தெளிவு ஒன்றுண்டு. எல்லா உயிர்களையும் ஒரே வழியிற் காத்தல் இயலாது. தன்னுள் அரண் உடையதைப் பயிரிட்டும் பேணலாம்; புறத்தே அரண் உடையதை அவ்வரணோடு சேர்த்தே காக்க வேண்டும். ஆற்றோர மரமொன்றை வெட்டக் கோடரி எடுக்குமுன், அதன் கிளை எவ்வுயிர்க்குப் பாலமாய் நிற்கிறது என்று வினவும் பழக்கம் மாணவரிடையே வளருமாக!