போரா குகையும் ஒரு துளி நீரும்

ஆந்திர மாநிலத்தின் அனந்தகிரி மலைகளில் அமைந்துள்ளது போரா குகை. விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் இரயிலில் ஏறி, போரா குகலு நிலையத்தில் இறங்கி இதனைக் காணலாம். கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திலுள்ள இச்சுண்ணாம்புக்கல் குகையைக் குடைந்தெடுத்தது நீரே ஆகும்.

மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வலுக்குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. இவ்வமிலம் கல்லிலுள்ள கால்சியம் கார்பனேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைக்கிறது. சிறு விரிசல்கள் காலப்போக்கில் குகையாக விரிகின்றன. அதே நீர் குகையின் கூரையில் துளியாகக் கசியும்போது, கரியமில வாயு பிரிந்துசெல்லக் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. கூரையில் கல் விழுதுகளும் தரையில் கல் முளைகளும் தோன்றுவது இவ்வாறுதான். அத்தகைய முளையொன்றை மக்கள் சிவலிங்கமாக வழிபடுகின்றனர்.

இத்தகைய விழுது ஒரு சென்டிமீட்டர் வளர நூறாண்டுகள்கூட ஆகலாம். அதனை ஒடிக்கவோ ஒரு நொடி போதும். தொட்டாலும் தீங்குதான்: கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் நீர் பரவாது, படிவு தடைப்படும். மின்விளக்கின் ஒளியில் பாசி படர்ந்து கல்லை அரிக்கும். கூட்டம் மிகுந்தால், நாம் விடும் மூச்சின் கரியமில வாயு குகைக்காற்றில் பெருகும். அப்போது துளியிலுள்ள வாயு எளிதில் வெளியேறாது. கல் வளர்ச்சியும் குன்றும்.

குகை இன்றும் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஆகவே, சுற்றுலா செல்லும் மாணவர்கள் கண்ணால் கண்டு, கைபடாமல் திரும்புவதே கற்றவர்க்கு அழகு.