நெல் குருத்துப்பூச்சி: முட்டையிலேயே பிடிக்கலாம்

தாராசுரம், கும்பகோணம் பக்கம் நடவு முடிந்து ஒரு மாதத்தில், "நடுக்குருத்து காயுது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்வி தொடங்கிவிடும். மருந்துக் கடைக்குப் போகும் முன் வயலில் இறங்கிப் பாருங்கள்.

இதுதானா?
காய்ந்த குருத்தை மெல்ல இழுங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் குருத்துப்பூச்சி (தண்டுத்துளைப்பான்). குருத்து வெங்காயத் தாள் போல வெள்ளைக் குழலாக நீண்டிருந்தால் அது ஆனைக்கொம்பன். தூர் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் எலி. கதிர் வந்த பிறகு தாக்கினால் மணி பிடிக்காமல் வெண்கதிராக நிமிர்ந்து நிற்கும்.

வாழ்க்கைச் சுழற்சி
முட்டை (5–8 நாள்): இலை நுனியருகே 15 முதல் 80 வரை குவியலாக, மேலே வெளிர்பழுப்பு ரோமம் மூடியிருக்கும்.
புழு (33–41 நாள்): பொரித்ததும் நூல் விட்டுக் காற்றில் பக்கத்துப் பயிருக்கும் போகும். பிறகு தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும்.
கூட்டுப்புழு (6–10 நாள்): தண்டுக்குள்ளேயே இருக்கும்.
அந்துப்பூச்சி: பெண்ணின் மஞ்சள் முன்இறக்கையில் நடுவே ஒரு கரும்புள்ளி. ஆண் சிறியது, புள்ளி தெளிவாக இருக்காது.

ஆக, புழு உள்ளே போன பின் அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண்செலவுதான். நம் கையில் இருப்பது அந்த 5–8 நாள்.

என்ன செய்யலாம்?
• நடும் முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். முட்டையும் சேர்ந்து போய்விடும்.
• யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுங்கள்.
• டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் முட்டை ஒட்டுண்ணியை எக்டேருக்கு 5 சி.சி. வீதம் நட்ட 30, 37-ஆம் நாள்களில் விடலாம். ஒட்டுண்ணி விட்ட வயலில் உடனே மருந்து அடித்தால் அதுவும் செத்துவிடும்.
• அறுவடையில் அடியோடு அறுத்து, தாளை மடக்கி உழுங்கள். அதற்குள் புழு மிச்சம் இருக்கும்.

எப்போது மருந்து?
சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது 10 சதவீதம் குருத்துக் காய்ச்சல், அல்லது 2 சதவீதம் வெண்கதிர். இந்த அளவைத் தொட்டால் மட்டும், அலுவலர் சொல்லும் மருந்தை அடியுங்கள்.

செல்போன் உதவி
பூச்சி, முட்டைக் குவியல், இழுத்த குருத்து மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக் கிட்டத்தில் படம் எடுங்கள். உங்கள் ஊருக்கு உதவி வேளாண்மை அலுவலர் வரும் நாளை 'உழவன்' செயலியில் பார்த்து, அவரிடம் காட்டுங்கள். அவசரமென்றால் கிசான் அழைப்பு மையம்: 1800-180-1551, கட்டணம் இல்லை, தமிழிலேயே கேட்கலாம்.